பனிக்காலத்துக்கு ஒரு பழைய பெரிய எஸ்யூவி: அடியில் படுத்துப் பார்த்து வாங்குங்கள்

பனி கொட்டும் ஊரில் முதல் குளிர்காலத்தைச் சின்ன காரில் ஓட்டி முடித்தவர்களுக்கு, அடுத்த டிசம்பருக்குள் ஒரு பெரிய வண்டி வாங்கிவிட வேண்டும் என்று தோன்றுவது சகஜம். நம் கார் சறுக்கிச் சறுக்கி ஊர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்து லேனில் ஒரு டாஹோ எஸ்யூவி சகதிப்பனியைக் கிழித்துக்கொண்டு போனால் யாருக்குத்தான் ஆசை வராது? புதிது கட்டுப்படியாகாது என்பதால் பழையதைத் தேட ஆரம்பிக்கிறோம்.

நான் சொல்வது வட அமெரிக்காவில் ஃபுல்-சைஸ் எஸ்யூவி என்று விற்கப்படும் வகையை. ஷெவர்லே டாஹோ, சபர்பன், ஜிஎம்சி யூகான், ஃபோர்டு எக்ஸ்பெடிஷன், டொயோட்டா செக்கோயா, நிசான் அர்மாடா எல்லாம் இதில் வரும். லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சேஸி, அதன்மேல் பாடி, மூன்று வரிசை இருக்கை, இரண்டரை டன் பக்கம் எடை. வாங்குகிறவர்கள் பெயிண்ட், லெதர் சீட், பெரிய திரை என்று மேலேயே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பனிக்காலத்தில் கைகொடுப்பதும் கைவிடுவதும் டயர், சேஸி, பிரேக் குழாய், முன் ஆக்சில் என்று அடியில் இருக்கும் சமாச்சாரங்கள்தான். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் வண்டிக்கு அடியிலேயே கிடக்கும்.

இவ்வளவு பெரிய வண்டி தேவையா?

நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் வண்டி, பனியில் கிளம்புவதற்கு உதவும். மேட்டில் ஏற உதவும். நிற்பதற்கு உதவாது. பிரேக் என்பது எல்லாக் கார்களிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. அந்த விஷயத்தில் இரண்டரை டன் வண்டிக்குத் தனிச் சலுகை கிடையாது. எடை கூடினால் டயரின் பிடியும் கூடும் என்பது உண்மை, ஆனால் நிறுத்த வேண்டிய பாரமும் அதே அளவு கூடிவிடுகிறது. நன்றாகக் கிளம்பிய வண்டி நன்றாகவே நிற்கும் என்று நம்பித்தான் பெரிய எஸ்யூவிகள் பள்ளத்தில் போய் இறங்குகின்றன.

இந்த வண்டி உண்மையிலேயே பயன்படும் இடங்கள் சில உண்டு. ஏழெட்டுப் பேர் குடும்பமாகப் போகிறீர்கள், டிரெய்லர் இழுக்கிறீர்கள், பனி அள்ளும் வண்டி தாமதமாக வரும் ஒதுக்குப்புறச் சாலையில் இருக்கிறீர்கள், வாசலில் அந்த வண்டி தள்ளிவிட்டுப் போன பனி வரப்பைத் தாண்டித் தினமும் வெளியே போக வேண்டும் என்றால் சரி, தாராளமாக வாங்கலாம். நகரத்துக்குள் ஒருவர் இருவர் மட்டும் போய்வருவதற்கு என்றால், நல்ல வின்டர் டயர் போட்ட நடுத்தர ஆல் வீல் டிரைவ் வண்டியே மேல். பெட்ரோலும் மிச்சம், பார்க்கிங் தலைவலியும் மிச்சம்.

நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். 2021-க்குப் பிந்தைய சபர்பன் ஏறக்குறைய 5.7 மீட்டர், டாஹோ 5.35 மீட்டர். கராஜில் வண்டி நுழைந்தும் கதவு மூடவில்லை என்பதை வாங்கிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்

எஸ்யூவி என்றாலே நாலு சக்கர இழுவை என்று நினைத்துவிட வேண்டாம். மேலே சொன்ன வண்டிகளில் பல, பின்சக்கர இழுவை மட்டும் உள்ள மாடலாகவும் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டிருக்கின்றன. முக்கியமாக வெப்பமான தென் மாநிலங்களிலிருந்து வரும் வண்டிகளில் இது சாதாரணம். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பின்சக்கர இழுவையுள்ள பெரிய எஸ்யூவி பனியில் கிளம்பத் திணறும். உங்கள் பழைய சின்ன முன்சக்கர இழுவைக் காரே தேவலை என்று ஆகிவிடும்.

விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் டேஷ்போர்டில் திருகுகுமிழோ பட்டன்களோ இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் குனிந்து முன்சக்கரங்களுக்கு நடுவே பாருங்கள். டிஃபரென்ஷியல் உருண்டையும், அதிலிருந்து இரு சக்கரத்துக்கும் போகும் ஆக்சில் தண்டுகளும் இருந்தால் ஃபோர் வீல் டிரைவ். வெறுமையாக இருந்தால் இல்லை.

இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, எந்த வகை என்பது. டாஹோ, யூகான், எக்ஸ்பெடிஷன், அர்மாடா வண்டிகளில் பெரும்பாலும் 2 வீல், ஆட்டோ, 4 ஹை என்ற நிலைகள் இருக்கும். பலவற்றில், மெதுவாகப் போய் அதிக பாரம் இழுக்க உதவும் 4 லோவும் இருக்கும். குளிர்காலத்தில் உங்களுக்கு அதிகம் உழைக்கப்போவது ஆட்டோதான். ஒரு நிமிடம் காய்ந்த தார், அடுத்த நிமிடம் நிழலில் கிடக்கும் கறுப்புப் பனிக்கட்டி என்று மாறி மாறி வரும் சாலையில், பின்சக்கரம் சறுக்கியதும் முன்னுக்கு இழுவையை அதுவாகவே அனுப்பும். 4 ஹை என்பது முன்பின் தண்டுகளை ஒன்றாகப் பூட்டிவிடும் நிலை. அதைக் காய்ந்த தாரில் போட்டுத் திருப்பினால் வண்டி முறுக்கிக்கொண்டு இழுக்கும், நாளடைவில், இழுவையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடும். ஆட்டோ இல்லாத, பூட்டும் வகை மட்டுமே உள்ள வண்டியைத் தினசரி நகர ஓட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

2008 முதல் 2022 வரை வந்த செக்கோயா கொஞ்சம் வேறு ரகம். அதில் நடுவே, முன்பின் இழுவையைப் பங்கிடும் டார்சன் டிஃபரென்ஷியல் இருப்பதால், அதைப் பூட்டாத வரை 4 ஹையைக் காய்ந்த சாலையிலும் போட்டே ஓட்டலாம். குளிர் ஊருக்கு மிக வசதியான ஏற்பாடு. 4 லோ எல்லாருக்கும் தேவைப்படாது. சில டாஹோக்களில் அது இல்லாமலே வந்திருக்கிறது. படகு இழுக்காதவர்கள் அதற்காக நல்ல வண்டியைக் கைவிட வேண்டாம்.

மாடல்களும் அவற்றின் நோய்களும்

எல்லா வண்டியிலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும். எது எங்கே போகும் என்று தெரிந்துகொண்டு போனால் பேரம் பேசவும் வசதி.

டாஹோ, சபர்பன், யூகான் மூன்றும் ஒரே குடும்பம். 2007 முதல் 2014 வரை ஒரு தலைமுறை, 2015 முதல் 2020 வரை அடுத்தது, 2021-க்குப் பிறகு இன்னொன்று. இவற்றின் 5.3 லிட்டர் வி8 என்ஜினில், பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பாதி சிலிண்டர்களைத் தூங்கவைக்கும் ஏற்பாடு உண்டு. அந்தச் சிலிண்டர்களின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் லிஃப்டர்கள் பழுதாவதுதான் இந்த வண்டிகளைப் பற்றி அதிகம் கேட்கும் புகார். ஆயிலை ஒழுங்காக மாற்றிய ரசீதுகள் இருக்கும் வண்டியை மட்டும் பாருங்கள். 2021 முதல் 2024 வரையிலான 6.2 லிட்டர் வி8 என்ஜின்களுக்கு 2025 ஏப்ரலில் ஜிஎம், குறையைச் சரிசெய்து தருவதற்கான திரும்ப அழைப்பு அறிவித்தது. அந்த என்ஜின் உள்ள வண்டி என்றால், சரிபார்ப்பு முடிந்துவிட்டதா என்று வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. 2021 தலைமுறையில்தான் பின்னாலும் தனித்தனிச் சஸ்பென்ஷன் வந்தது. குலுக்கல் குறைவு, மூன்றாம் வரிசையில் கால்நீட்ட இடமும் உண்டு.

எக்ஸ்பெடிஷனில் 2014 வரை வந்த 5.4 லிட்டர் வி8-இல், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸரின் கோளாறு பெயர்பெற்றது. 2015-இலிருந்து 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ. 2018-இல் வந்த புதிய தலைமுறைக்கு அலுமினியப் பாடி. பனி ஊருக்கு இது பெரிய சாதகம், கதவு அடியும் சக்கர வளைவும் பழுப்பேறி ஓட்டையாவதில்லை. ஆனால் அடியில் இருக்கும் சேஸி எஃகுதான், அதைப் பார்க்காமல் விடக்கூடாது. 2018 முதல் 2020 வரையிலான என்ஜின்களில் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று ஒரு சத்தம் வந்தால் அதுவும் கேம் ஃபேஸர்தான். இதற்காக ஃபோர்டு ஒரு பழுதுநீக்கத் திட்டமே நடத்தியது.

செக்கோயாவின் 5.7 லிட்டர் வி8 உழைப்பாளி. பெட்ரோலை அள்ளிக் குடிக்கும், ஆனால் நாள்படப் படுத்தாது. அதன் பலவீனம் சேஸி. 2005 முதல் 2008 வரையிலான செக்கோயாக்கள், டுன்ட்ரா, டகோமா பிக்கப்களோடு சேர்த்து, துருப்பிடித்த சேஸி தொடர்பாக அமெரிக்காவில் 2016-இல் எட்டப்பட்ட வழக்குச் சமரசத்தில் இடம்பெற்றவை. பழைய செக்கோயாக்களின் 4.7 லிட்டர் என்ஜினுக்கு டைமிங் பெல்ட். அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

அர்மாடாவின் முதல் தலைமுறை 2004 முதல் 2015 வரை. என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடுவது அதன் வாடிக்கை. 2017-இல் வந்தது வேறு வண்டி, உலகின் மற்ற பகுதிகளில் பேட்ரோல் என்று ஓடுவதன் உடன்பிறப்பு. திடமானது. செக்கோயா அளவுக்குப் பெயர் இல்லாததால் அதே வயதில் மலிவாகவும் கிடைக்கும். என்னைக் கேட்டால், அதிகம் பேர் தேடாத இந்த இரண்டாம் தலைமுறை அர்மாடாவைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

துரு

எந்த மாடல் என்பதைவிட எந்த வண்டி என்பது முக்கியம். அதைத் தீர்மானிப்பது சாலையில் கொட்டும் உப்பு. உப்புக்கரைசல் சேஸியின் இடுக்குகளில் போய் உட்கார்ந்து, வெயில் காலத்திலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளிருந்து அரிக்கும். பதினைந்து வருடம் உப்பில் ஓடிய வண்டி வெளியே பளபளவென்று இருக்கும். அடியில் போய்ப் பார்த்தால் கதை வேறு.

கொண்டுபோக வேண்டியவை ஒரு நல்ல டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர், தரையில் விரிக்க அட்டை. இந்த வண்டிகள் உயரம் என்பதால் ஜாக்கி இல்லாமலே ஓரளவு உள்ளே நுழைய முடியும். தரை சமமாக இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே சேஸி வளைந்து ஏறும் இடத்தில்தான் சகதி அதிகம் தங்கும். சேஸிச் சட்டத்தின் மேல்பக்கத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது கீழ்ப்பக்கம், அரிப்பு இருப்பது மேல்பக்கம். ஆரஞ்சு நிறத்தில் மாவு மாதிரி விரலில் ஒட்டினால் மேலோட்டமான துரு, பயப்பட ஒன்றுமில்லை. அப்பளம்போல அடுக்கடுக்காக உரிந்து வந்தால் உலோகம் தடிமன் இழந்துகொண்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல சட்டம் கணீரென்று ஒலிக்கும், அரித்த சட்டம் மொத்தென்று சத்தம் போடும். சந்தேகமான இடத்தில் நுனியை வைத்து அழுத்தும்போது உள்ளே இறங்கினால், எழுந்து கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். சேஸி ஓட்டையான வண்டிக்கு எந்த விலையும் மலிவு விலை கிடையாது.

அடுத்து, சட்டத்தின் ஓரமாக ஓடும் பிரேக் குழாய்கள். பென்சிலைவிட மெல்லியவை. பிளாஸ்டிக் கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் இடங்களில் உப்பு தங்கி முதலில் அங்கேதான் அரிக்கும். குழாய் செதில் செதிலாக உப்பியிருக்கிறதா, ஈரக்கசிவு தெரிகிறதா என்று கிளிப் கிளிப்பாகப் பாருங்கள். பனிச் சாலையில் அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போதுதான் குழாயில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். வெடிப்பதென்றால் அப்போதுதான் வெடிக்கும். இந்தக் குழாய்களை மாற்றிய ரசீது ஒருவரிடம் இருந்தால் அது அந்த வண்டிக்குப் பெரிய கூடுதல் மதிப்பு. பெட்ரோல் குழாய்கள், பின்னிருக்கை ஹீட்டருக்குச் சுடுநீர் கொண்டுபோகும் குழாய்கள் ஆகியவற்றையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

புத்தம் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த அடிப்பாகத்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள். வருடா வருடம் எண்ணெய் தெளித்துக் காத்த வண்டியின் அடிப்பகுதி அழுக்காக, பிசுபிசுப்பாக இருக்கும். அது நல்ல அறிகுறி. விற்பதற்கு ஒரு வாரம் முன்னால் அடித்த தார்ப்பூச்சு, நட்டு போல்ட் எல்லாவற்றையும் மூடிப் பளபளக்கும். அதற்கடியில் என்ன இருக்கிறது என்பது அடித்தவருக்குத்தான் வெளிச்சம்.

பாடியில் பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பகுதி, டிக்கிக் கதவின் அடி விளிம்பு மூன்றும் போதும். பூச்சு வேலை தெரிகிறதா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது பழைய வித்தை. புது எக்ஸ்பெடிஷனில் அது செல்லாது, அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது.

தெற்கிலிருந்து வந்த துருவில்லாத வண்டி நல்ல தேர்வுதான். ஆனால் வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்கக்கூடாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளங்களில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் நீர்க்கறை என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும்.

குளிர்ந்த என்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்

வண்டியைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லும்போதே, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றும் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், ஏதோ ஒரு சத்தத்தை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்த முதல் அரை நிமிடம் ரேடியோவும் ஃபேனும் அணைந்திருக்கட்டும். கடகட சத்தம் சில நொடி வந்து மறைந்தால் ஃபோர்டில் ஃபேஸர். டிக் டிக் என்று ஆரம்பித்து, என்ஜின் சூடேறச் சூடேறக் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு. ஜிஎம் வி8-களில் பின்னோர போல்ட் முறிந்து இப்படி ஆவது வழக்கம். தொந்தரவுதான், ஆனால் பேரத்துக்குப் பயன்படும். சூடான பிறகும் டிக் டிக் நிற்காமல், என்ஜின் ஒரு துடிப்பை விட்டு விட்டு ஓடினால் லிஃப்டராக இருக்கலாம். அது பெரிய செலவு, விட்டுவிடுங்கள்.

என்ஜின் சூடாகும் நேரத்தில் ஹீட்டரைச் சோதியுங்கள். பத்து நிமிடம் ஓட்டியும் வெதுவெதுப்பாகவே காற்று வந்தால் தெர்மோஸ்டாட்டோ, அடைத்த ஹீட்டர் கோரோ காரணமாக இருக்கலாம். டிரைவர் பக்கம் சூடு, பக்கத்தில் குளிர் என்றால் டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் சின்ன மோட்டார் போயிருக்கும். மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்து அங்கே காற்று சூடாக வருகிறதா என்றும் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை, குளிரில் பின்னால் உட்காரும் பிள்ளைகள்தான் அனுபவிப்பார்கள். பின்கண்ணாடியின் பனி உருக்கி, பக்கக் கண்ணாடிகளின் சூடு, வைப்பர், வாஷர் பம்ப் எல்லாம் ஒரு சுற்று.

பேட்டரியின் மேல் சிசிஏ என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் 30 நொடிகளுக்கு எவ்வளவு ஆம்பியர் தர முடியும் என்பதன் அளவு அது. பழைய பேட்டரி கோடையில் சாதுவாக இருந்துவிட்டு முதல் கடுங்குளிரில் காலை வாரும், அதனால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். மைனஸ் 20-க்குக் கீழே அடிக்கடி போகும் ஊர் என்றால், நிறுத்தியிருக்கும்போது என்ஜினை மின்சாரத்தில் சூடாக்கி வைக்கும் பிளாக் ஹீட்டர் வேண்டும். முன் கிரில் பக்கத்திலோ பானெட்டுக்கு அடியிலோ பிளக் வைத்த ஒயர் தொங்குகிறதா என்று தேடுங்கள். தெற்கிலிருந்து வந்த வண்டிகளில் இருக்காது, பின்னால் பொருத்திக்கொள்ளலாம். கூலன்ட் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த விகிதத்தில் இருந்தால் மைனஸ் 37 வரை உறையாது. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய ஆட்களும் உண்டு, மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

சரளைக்கல் பாதையோ பனி கிடக்கும் காலி இடமோ கிடைத்தால் அங்கே போய் 4 ஹையைப் போடுங்கள். விளக்கு சில நொடி மினுக்கிவிட்டு நிலையாக எரிய வேண்டும். மினுக்கிக்கொண்டே இருந்தாலோ, கோளாறு என்று எழுத்து வந்தாலோ, இழுவை முன்னுக்குப் போகவில்லை. மெதுவாக வளைத்து ஓட்டி, முன்னாலிருந்து டக் டக் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு நியூட்ரலில் நிறுத்தி 4 லோ, அப்புறம் மறுபடி 2 வீல். வருடக்கணக்காகப் போடாமலே வைத்திருந்த ஃபோர் வீல் டிரைவ்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். எல்லாம் சரியாக நடந்தால் அதே காலி இடத்தில் குறைந்த வேகத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் துடிப்பதையும் உணர்ந்து பாருங்கள்.

வழுக்கலில் வண்டி சுழலாமல் காக்கும் ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாடு அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்து கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி என்றால் அது இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உயர்ந்த டிரிம் (வசதி அதிகமுள்ள ரகம்) வண்டிகளில் காந்த ஷாக் அப்ஸார்பர், ஏர் சஸ்பென்ஷன் இருக்கும். மிருதுவாகப் போகும். பழையதானால் ஒவ்வொன்றும் பர்ஸைப் பதம் பார்க்கும். பனிக்காலத்துக்கு மட்டும் என்றால் சாதாரண ஷாக் போட்ட நடு டிரிம்மே புத்திசாலித்தனம்.

கிளம்பும் முன், வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் சொருகிப் பாருங்கள். பிழைக்குறியீடு ஒன்றும் இல்லை, ஆனால் சுயசோதனைகள் பல முடியவில்லை என்று காட்டினால், நேற்றுத்தான் யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள்.

டயருக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்

வண்டிக்கு வைத்திருக்கும் தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். வின்டர் டயர் நான்கு, முடிந்தால் அதற்குத் தனி ரிம், இவற்றை முதலிலேயே கழித்துவிட்டு மிச்சத்தில் வண்டி தேடுங்கள். வின்டர் டயர் போட்ட பத்து வயது வண்டி, தேய்ந்த ஆல் சீசன் டயரில் ஓடும் மூன்று வயது வண்டியைவிடப் பனியில் நம்பகமானது.

வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுகத் தொடங்குகிறது. வின்டர் டயர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்யப்பட்டது. பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலை, நடுவே பனித்துகள் என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எம்+எஸ் (சகதி, பனி) எழுத்து போதாது, அதற்குப் பனியில் எந்தச் சோதனையும் கிடையாது. மலை முத்திரைக்குச் செய்யும் சோதனையும் இறுகிய பனியில் கிளம்பும் பிடியைத்தான் அளக்கிறது. முத்திரை உள்ள, வருடம் முழுக்க ஓட்டும் ஆல் வெதர் டயரும் முழு வின்டர் டயரும் பனிக்கட்டியில் ஒன்றாகிவிடாது.

வண்டியோடு வின்டர் டயரும் தருகிறேன் என்பார்கள். டிஓடி என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ. பக்கம் வந்துவிட்டால் பனிக்கு அது உதவாது, சட்டப்படி செல்லும் என்றாலும். நான்கும் ஒரே ரகம், ஒரே அளவு தேய்மானமாக இருக்க வேண்டும். முன்பின் விட்டம் வேறுபட்டால் ஆட்டோ நிலையில் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் ஓயாமல் உழைத்துத் தேயும்.

20, 22 அங்குல ரிம் போட்ட வண்டிகள் கண்ணுக்கு அழகு. குளிர்காலத்துக்கு, பிரேக்குக்கு இடம் விடுகிற மிகச் சின்ன ரிம்மில், உயரமான டயரே நல்லது. 18 அங்குலம் பொருந்தும் வண்டி என்றால் அதற்கே போங்கள். டயர் விலையும் குறையும், குழியில் இறங்கினால் ரிம்மும் பிழைக்கும். மொத்த விட்டம் மாறக்கூடாது, சுமைக் குறியீடும் வண்டி கேட்பதற்குக் குறையக்கூடாது.

சட்டமும் உண்டு. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதலே ஆரம்பித்துவிடும்.

காகிதங்கள், கடைசிச் சோதனை

வின் எண்ணை வைத்து விபத்து, வெள்ளம், சால்வேஜ் (பெரும் சேதத்தால் கழித்துவிடப்பட்ட வண்டி) பதிவுகளையும், நிலுவையில் உள்ள திரும்ப அழைப்புகளையும் பாருங்கள். எந்த ஊர்களில் பதிவாகியிருந்தது என்ற வரிசையும் அதில் தெரியும், வண்டி எத்தனை குளிர்காலம் உப்பில் ஓடியது என்று கணக்குப் போட அதுவே போதும். டிரெய்லர் கொக்கியின் பந்து பளபளவென்று தேய்ந்திருந்தால் நிறைய இழுத்த வண்டி, கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

இவ்வளவும் தேறிய வண்டியை, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றுங்கள். லிஃப்டில் ஏற்ற விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் உங்கள் காசு பிழைத்தது. வாங்குவதற்குச் சரியான காலம் வசந்தத்தின் முடிவும் கோடையும். முதல் பனி விழுந்த வாரத்தில் இந்த வண்டிகளைத் தேடி எல்லாரும் வருவார்கள், விற்பவர் இறங்கிவர மாட்டார்.

வாங்கிய பிறகு, இலையுதிர் காலத்திலேயே அடிப்பாகத்தில் துருத்தடுப்பு எண்ணெய் தெளித்துவிடுங்கள். குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்கு மேலே ஏறும் நாட்களில் அடியில் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் டயர் காற்று ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறையும், அதையும் அளந்து ஏற்றுங்கள். கோடையிலும் மாதம் ஒருமுறை சரளைப் பாதையில் 4 ஹையைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள், இணைக்கும் மோட்டாரும் முன் ஆக்சிலும் அசையாமல் கிடந்து இறுகிப்போகாமல் இருக்கும்.